நான் இறந்த நாளில் வந்தவர்கள்

ஆவணி 8, ஞாயிறு

இன்று நான் செத்துக் கிடந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: மகன் சங்கரலிங்கம், மருமகள் செல்வராணி, பேத்தி நித்திலா, நித்திலாவின் கேமராக்காரன் பிரான்சிஸ், எதிர்வீட்டுப் பிரமு, என் ஓரகத்தி தெய்வானை, சங்கு ஊதுகிற மாடசாமி, ஒப்பாரிக்கு வந்த பேச்சியம்மாளும் அவள் தங்கையும், சாமியானாக் கடை ஆட்கள், மேலத்தெருவில் பாதிப் பேர். வராதவள் மாவு மில் மரகதம். அவள் மாமியார் செத்த அன்று நான் காய்ச்சலோடு போய் அழுதுவிட்டு வந்தேன். படம்தானே என்று இருந்துவிட்டாளாம். படமானால் என்ன? இழவு இழவுதான்.

இத்தனை பேரையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் பெருவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு. கண்ணைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து சாக வேண்டும் என்று நித்திலா சொல்லிவிட்டாள். அதனால் எல்லாம் காதால் கேட்டது. பிரமு அழுதால் நடுவில் விக்கல் வரும், வந்தது. தெய்வானை அழவே இல்லை. அவள் வளையல் சத்தம் மார்பில் அடித்துக்கொள்கிற சத்தமாக இல்லை, விசிறிக்கொள்கிற சத்தமாக இருந்தது.

நித்திலா சென்னையில் படமெடுக்கப் படித்தவள். போன மாதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆச்சி, நீ ஒரு நாள் செத்துக் கெடக்கணும்.”

“அதுக்கு என்னட்டீ இப்ப அவசரம்?”

“படத்துக்கு ஆச்சி. இதுல கதை கெடையாது, பாட்டு கெடையாது. ஒரு சாவு வீடு. காலையில இருந்து தூக்குற வரைக்கும். அவ்வளவுதான்.”

“கதை இல்லாம யாரு உக்காந்து பாப்பா?”

“வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாப்பாங்க.”

ஒத்துக்கொண்டேன். பேத்திக்காகத்தான். நான் செத்தால் யார் யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். பாடையில் தூக்கி வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் வந்தான். செருப்போடு நடைவரை வந்து, அப்புறம் ஞாபகம் வந்து கழற்றினான். என்மேல் ஒரு சேலை விழுந்தது. கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுச்சேலை. நித்திலா வாங்கிய சேலையை ஏற்கனவே போர்த்தியாகிவிட்டது, இது வேறு. பிறகு என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். வார்த்தை ஒன்று கூட இல்லை. ஒப்பாரிக்காரிகளே பாட்டை நிறுத்திவிட்டார்கள். என் கால் நனைந்தது. கூசியது. அசையாமல் கிடந்தேன்.

செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போடுவது உடன்பிறந்தவன் வேலை. எனக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன். நம்பிராசன். பம்பாயில் தாராவியில் இருக்கிறான். அது அவனாக இருக்க முடியாது.

ஆவணி 9, திங்கள்

காலையில் உளுந்து ஊறப்போட்டேன். செல்வராணி பானையைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

“அத்தே, நேத்து சங்கு ஊதியாச்சு. பதினாறு முடியுற வரைக்கும் நீங்க எதையும் தொட வேண்டாம்னு எங்கம்மா சொல்லுதாவ.”

“செத்தது நானு. தீட்டு எனக்கா, ஒங்களுக்கா?”

அவளுக்குத் தெரியவில்லை. சங்கரலிங்கம் கோயிலுக்குப் போய்ப் பட்டரைக் கேட்டான். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வீட்டில் யாருக்கும் தீட்டு இல்லை, இறந்தவருக்கு மட்டும் உண்டு என்றாராம். அதனால் எல்லோரும் தென்காசிக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்து எனக்காகத் துக்கம் காக்கிறேன்.

ஆவணி 10, செவ்வாய்

சங்கரலிங்கத்திடம் கேட்டேன்: “கடைசியா வந்து கால்ல விழுந்தது யாருல?”

“நான் சாமியானா ஆளுககிட்ட நின்னேம்மா, கவனிக்கல.”

பொய் சொன்னால் இவன் காது மடல் சிவக்கும், பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. சிவந்தது.

பிரமுவைக் கேட்டேன். “சத்தியம் வாங்கிட்டா ஒம் பேத்தி. படத்தப் பத்தி மூச்சு விட்டா அடுத்த படத்துல என்னைச் சாக விடமாட்டாளாம்” என்றாள்.

ஆவணி 12, வியாழன்

சேலையைக் கேட்டேன். அது படத்துச் சாமான், பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது, விழா முடிகிறவரை தொடக்கூடாது என்று நித்திலா போனில் சொன்னாள். எந்த விழா என்றேன். புதுச்சேரியில் வருடா வருடம் நடக்கிற பன்னாட்டுத் திரைப்பட விழாவாம். பெரிய கம்பெனிப் படம் எதையும் வாசலில் கூட விடமாட்டார்களாம். யாருக்கும் புரியாத படங்களுக்கென்றே நடத்துகிறார்களாம்.

“அதுல எடுத்துக்கிட்டா நீயே வந்து பெரிய திரையில பாத்துக்கோ ஆச்சி. அதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சட்டம்.”

நான் ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு அவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

என் மகன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை நம்பிதான் போட்டிருக்க வேண்டும். அவன் வந்த ரயில் தாமதம். முகூர்த்தம் போகிறதென்று என் வீட்டுக்காரர் தெய்வானையின் தம்பி கையில் மாலையைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டார். நம்பி பெட்டியோடு மண்டபத்துக்குள் நுழையவும் மாலை விழவும் சரியாக இருந்தது. அவன் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போனான். அது அவர் செய்த தப்பு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் இறந்தபோது நம்பி வரவில்லையே? தாலி இறக்குகிற அன்று பிறந்த வீட்டுக் கோடியைத் தலையில் போட்டால்தான் எழுந்திருக்க முடியும். பெண்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொழுது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தெய்வானை, “எந் தம்பி வீட்டுக் கோடிய போடுங்க, இவிய வீட்ல ஆள் இல்ல போலிருக்கு” என்றாள்.

அவள் தம்பி வீட்டுக் கோடி. நீலக்கரை. அன்றைக்கு விட்டது நம்பியோடு பேச்சு. இன்னும் எடுக்கவில்லை.

ஆவணி 20, வெள்ளி

பதினாறு போன வாரமே முடிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், இல்லை அடுத்த திங்கள் என்று செல்வராணி சொல்கிறாள். நாரத்தங்காய் அவள் கையால் நறுக்கி ஊறுகாய் போட்டாள். உப்பு கூட.

புரட்டாசி 4, சனி

பிரமு, மாவு மில் மரகதம், தபால்கார வீட்டுச் செண்பகம் மூவரும் மாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் சாக வேண்டும். நித்திலாவிடம் சிபாரிசு செய்யச் சொல்கிறார்கள்.

“நீ கெடந்தது நல்லாத்தான் இருந்துச்சு ஆவுடை. ஆனா ஒனக்கு மொகத்துல ஒரு வீறாப்பு. பொணம்னா கொஞ்சம் தணிஞ்சு இருக்கணும்” என்றாள் செண்பகம்.

“நான் செத்தா நம்பி மாதிரி ஒரு ஆள் வந்து அழ…” என்று மரகதம் ஆரம்பித்தாள். பிரமு அவள் தொடையில் கிள்ளினாள். மரகதம் வாயை மூடிக்கொண்டாள்.

நான் எதுவும் கேட்காதவள் போல எழுந்து போய் விளக்கேற்றினேன். மூன்று தீக்குச்சி வீணாகிவிட்டது. காற்று.

ஐப்பசி 14, வெள்ளி

படத்தை விழாவில் எடுத்துக்கொண்டார்களாம். பெயர் ‘தெற்கே தலை’. எனக்கும் அழைப்பு. புதுச்சேரியில் மணக்குள விநாயகர் இருக்கிறார், ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அதற்காகப் போகிறேன்.

கார்த்திகை 11, வியாழன்

மழை. கொடியில் துணி காயவில்லை. பிரமுவின் மாடு எங்கள் கிணற்றடியில் வந்து நிற்கிறது. தாராவியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. யார் சொன்னது என்று தெரியவில்லை.

மார்கழி 4, வெள்ளி

புதுச்சேரி. விநாயகரைப் பார்த்தாகிவிட்டது.

வாசலிலேயே கழுத்தில் ஆளுக்கு ஒரு அட்டை மாட்டுகிறார்கள். நித்திலா அட்டையில் இயக்குநர் என்று இருக்கிறது, பிரான்சிஸ் அட்டையில் ஒளிப்பதிவு. என் அட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் நித்திலா வேறு பக்கம் பார்க்கிறாள். பிரான்சிஸ்தான் சொன்னான்: “பிணம்னு போட்டிருக்காங்க ஆச்சி.” அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் என்னைக் கும்பிடுகிறார்கள். தாடி வைத்த ஒரு பையன், “அந்தப் பிணம் நீங்கதானா அம்மா? சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

காலையில் பார்த்த படம்: ஒரு குழாய் சொட்டுகிறது. அவ்வளவுதான். சொட்டுகிறது, சொட்டுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குறட்டை விட்டார், இன்னும் சொட்டுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. “யாராச்சும் அந்த வாஷரை மாத்துங்கப்பா!” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் அதை எடுத்தவன் ஓடி வந்தான். இத்தனை ஊரில் காட்டியும் என் படத்துக்குள் வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கண் கலங்கினான். ஜப்பான்காரனாம். பாவம், வீட்டில் குழாய் மாற்ற ஆள் இல்லை போல.

மதியம் ஒரு படத்தில் வெறும் வெள்ளை. இன்னும் படம் போடவில்லை என்று நினைத்து நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். கைதட்டிவிட்டார்கள். அதுதான் படமாம்.

ஒரு ஆடு படம் வந்தது. ஆடு நம்மைப் பார்க்கிறது, நாம் ஆட்டைப் பார்க்கிறோம். அது நன்றாக இருந்தது. ஆடு பொய் சொல்லவில்லை.

நாளைக் காலை எங்கள் படம். நித்திலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் பசியில்லை. தயிர் புளிப்பு.

மார்கழி 5, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் படுக்க முடியும்.

நித்திலா படத்தைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறாள். தலை கீழே கால் மேலே என்று இல்லை. கடைசியிலிருந்து முதலுக்கு. தெருமுனையிலிருந்து என்னைச் சுமந்துகொண்டு நான்கு பேர் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். ரோட்டில் கிடக்கிற பூவெல்லாம் துள்ளி எழுந்து கூடைக்குள் போகிறது. மாடசாமி சங்குக்குள்ளிருந்து சத்தத்தை உறிஞ்சுகிறான். வந்த பெண்கள் எல்லாம் பின்பக்கமாகவே நடந்து வெளியே போகிறார்கள். பேச்சியம்மாள் ஒப்பாரி ஏதோ வேறு தேசத்துப் பாட்டு மாதிரி கேட்டது. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

தெய்வானை விசிறிக்கொண்டுதான் இருந்தாள். தலைகீழாகவும் விசிறினாள்.

அப்புறம் அவன். முதலில் என் காலடியில் குனிந்திருந்த தலைதான் தெரிந்தது. உச்சியில் முடி இல்லை. எனக்குத் தெரிந்த நம்பிக்கு உச்சியில் இரட்டைச் சுழி. சுழி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். தலையைத் தூக்கினான். அப்பாவின் முகம். எப்போது அப்பா முகம் வந்தது இவனுக்கு? கன்னமெல்லாம் ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் தாடையிலிருந்து மேலே ஏறிக் கண்ணுக்குள் போய்விட்டது. சொட்டு சொட்டாக, ஒன்று விடாமல். கண் காய்ந்தது. எழுந்தான். என் மேலிருந்து சேலையை எடுத்தான். பத்திரமாக மடித்தான். பையில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

கோடியை எடுத்துக்கொண்டு போகிறான்! எனக்குப் போட்ட கோடியை! என்னை அறியாமல் எழுந்து நின்று, “ஏல நம்பி, வைல அத!” என்று கத்திவிட்டேன். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. இதுவும் படத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

படம் முடிந்து மேடையில் எங்களை நிற்க வைத்தார்கள். பின்லாந்துக்கார அம்மா ஒருவர் நடுவர், பனைமர உயரம். கண்ணாடிக்காரர் ஒருவர் அவர் பேசுவதைத் தமிழில் சொன்னார். மரணத்திலிருந்து பிறப்பை நோக்கிப் போகிற பயணம், காலத்தின் முதுகு, என்று என்னென்னவோ. பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார்கள்.

“முன்னால ஓட்டுங்க” என்றேன்.

“அம்மா?”

“அந்த ஆளு வர்ற எடத்த நேரா ஓட்டிக் காட்டுங்க. எனக்கு அவன் வந்ததப் பாக்கணும். போறத எத்தன தரம் பாத்திருக்கேன்.”

நித்திலா என் காதில், “ஆச்சி, நேரா ஓட்டுனா படமே செத்துரும்” என்றாள்.

“நான் சாகலையாட்டீ ஒனக்காவ? படம் ஒரு தரம் சாகட்டும்.”

கண்ணாடிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். பின்லாந்து அம்மா கையை உயர்த்தி ஏதோ சொன்னார். பிரான்சிஸ் மேலே ஓடினான். நேராக ஓட்டினார்கள்.

வந்தான். பையில் விமானத்துச் சீட்டு ஒன்று கட்டியபடி தொங்கியது, பிய்க்கக்கூட இல்லை. மாடிப்படி ஏறவே பயப்படுகிற பயல், விமானத்தில் வந்திருக்கிறான். நடையில் நின்றான். பையைக் கீழே வைத்தான். சேலையை உதறிப் போர்த்தினான், ஓரம் இழுத்து விட்டான், கால் தெரியாமல் மூடினான். பிறகு மறுபடியும் காலை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டான்.

சத்தமும் நேராக வந்தது. அன்றைக்கு எனக்குக் கேட்காதது இதில் கேட்டது. அழுகைக்கு நடுவில் ஒரே ஒரு சொல். “ஏக்கா.”

அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பின்லாந்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த நடிகர் யார், இவர் இங்கே வந்திருக்கிறாரா, இந்த விழாவில் நான் பார்த்த மிகச் சிறந்த நடிப்பு இதுதான் என்றார்.

நித்திலா தரையைப் பார்த்தாள். “அவிய நடிகர் இல்ல. ஆச்சியோட தம்பி.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏட்டி, அவன்கிட்ட இது படம்னு சொன்னியா?”

என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என்னட்டீ சொல்லி வரவழைச்ச?”

“ஆச்சி போயிட்டாவன்னு மொத நாளே போன் பண்ணுனேன்” என்றாள். மைக் அவள் கையில் இருந்தது. ஊருக்கே கேட்டது. “எல்லாரும் நல்லாத்தான் அழுவாங்க. ஆனா எல்லாம் நடிப்பு மாதிரி இருக்கும்னு தோணுச்சு. எனக்கு நெசமா ஒரு ஆள் வேணும்.”

கண்ணாடிக்காரர் மொழிபெயர்க்கவில்லை. பின்லாந்து அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டார். அவர் சொன்னதும் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி 6, ஞாயிறு

சங்கரலிங்கத்தைப் போனில் பிடித்தேன். “மாமா படத்துக்காக வந்து நல்லா நடிச்சிட்டுப் போனாவன்னுல்லம்மா நெனச்சேன்” என்கிறான். தெருவே அப்படித்தான் நினைத்திருக்கிறது. கேமராவைப் பார்த்த நம்பி, இப்போதெல்லாம் இழவுக்கும் வீடியோ எடுக்கிறார்கள் என்று இருந்துவிட்டானாம். தூக்குகிறதைப் பார்க்க முடியாதென்று நம்பி பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டானாம். நித்திலா மறுநாள் போன் செய்திருக்கிறாள். “ஒண்ணும் சொல்லாத தாயி, என்னால கேக்க முடியாது” என்று வைத்துவிட்டானாம். பிறகு இவளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஆக, ஆவணியிலிருந்து அவனுக்கு நான் செத்துப்போனவள்.

சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். சிறந்த நடிப்பு, அழுதவருக்கு. அது நடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சிறந்த நடிப்பாம். கண்ணாடியில் செய்த ஒரு கூழாங்கல். தம்பி சார்பில் நான் வாங்கினேன். நித்திலா பக்கத்தில் நின்று அழுதாள். நேராகத்தான் அழுதாள், கண்ணீர் கீழேதான் விழுந்தது. நான் துடைத்துவிடவில்லை. முந்தானையை மட்டும் நீட்டினேன்.

மார்கழி 8, செவ்வாய்

வீடு வந்தாயிற்று. நித்திலாவே பெட்டியைத் திறந்து சேலையைக் கொடுத்தாள். அரக்குக் கலர். அவனுக்கு எப்போதும் கலர் தெரியாது. உடுத்தவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நானே அவனுக்குப் போன் செய்வேன். வேறு யாரும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனோடு பேச வேண்டும் என்று இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு தகவல். அவ்வளவுதான்.

மார்கழி 9, புதன்

குளித்துவிட்டு, தலை சீவித் திருநீறு பூசிக்கொண்டு போன் செய்தேன். போனில் தெரியாதுதான்.

அவன் பெண்டாட்டி சிவகாமி எடுத்தாள்.

“யாரு?”

“நான் ஆவுடை.”

“எந்த ஆவுடை?”

“ஒம் மைனி ஆவுடைட்டீ. அம்பாசமுத்திரத்துல இருந்து.”

போன் கீழே விழுகிற சத்தம். இன்னொரு தடவை போட்டேன். இந்தத் தடவை பாத்திரம் தேய்க்கிறவள் குரல் மாதிரி நிதானமாகப் பேசினாள். பயந்தவர்கள் சிலர் அப்படி ஆகிவிடுவார்கள்.

“சொல்லுங்க மைனி. சௌரியமா இருக்கீயளா?”

“இருக்கேன். நம்பி எங்க?”

“பூசை ரூம்ல இருக்காவ. இப்பக் கூப்பிட முடியாது மைனி.”

“என்ன செய்யுதான்?”

“ஒங்ககிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்காவ.”

காலையில் காப்பி குடித்ததும் என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவானாம். அம்மா, அப்பா, ஆற்றில் குளித்தது, முருங்கை மரத்திலிருந்து விழுந்தது எல்லாம் பேசுவானாம். சில நாள் சிரிப்புச் சத்தம் கேட்குமாம். வட்டிலில் எனக்கு ஒரு பங்கு வைப்பானாம்.

“அவிய இப்பல்லாம் ரொம்பச் சாந்தமா இருக்காவ மைனி” என்றாள். என்னிடம் நன்றி சொல்கிறவள் மாதிரி.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். படம், பேத்தி, புதுச்சேரி. அவள் உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவன்தான். நான் “நம்பி” என்றேன். வைத்துவிட்டான்.

மார்கழி 10, வியாழன்

அவனே கூப்பிட்டான். முதலில் இருமினான். இருமலும் அப்பா இருமல்தான்.

“மொட்டை போட்டாச்சு. கடல்ல எள்ளும் தண்ணியும் எறைச்சாச்சு. ஒரு வருசம் பண்டிகை கெடையாதுன்னு இருக்கோம். இப்ப வந்து உயிரோட இருக்கேங்கிறியே, எக்கா?”

“அதுக்கு என்னைச் சாவச் சொல்லுதியா?”

“கோவப்படாத. பாத்தியா, வந்ததும் கோவம். அவ கோவப்படவே மாட்டா.”

“எவ?”

“படத்துல இருக்கவ. அந்தப் பாபநாசம் திருவிழாவுல எடுத்தது. ரெட்டைச் சடை. பெரிசாப் போட்டு மாட்டியிருக்கேன்.”

அவன் குரலை இறக்கினான்.

“அத்தான் செத்தப்ப நான் கோடியோட ரயில் ஏறி வந்தேன். ஊரு வரைக்கும் வந்தேன். ஸ்டேஷன்ல உக்காந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். மண்டபத்துல திரும்பினவன் இப்ப எந்த மொகத்தோட வர்றதுன்னு. அத அவகிட்டச் சொன்னேன். மன்னிச்சிருன்னு கேட்டேன். மன்னிச்சிட்டா.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும். இப்ப நீ சொல்லு. மன்னிப்பியா?”

பிரமுவின் மாடு கத்தியது. செல்வராணி அம்மியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. தாலி இறக்கின அன்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தானா? எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம். அதை நினைக்கவும் வந்த சொல்லும் உள்ளே போய்விட்டது.

“பாத்தியா” என்றான். கோபமாக இல்லை, பாவமாகச் சொன்னான். “அவ ஒடனே மன்னிச்சா எக்கா.” வைத்துவிட்டான்.

மார்கழி 11, வெள்ளி

போன் செய்தேன். எடுக்கவில்லை. பூசை நேரம்.

மார்கழி 15, செவ்வாய்

பிரமு வந்து, விழாவில் இருந்து அடுத்த படத்துக்கு ஆள் கேட்டார்களா என்றாள். அவள் விக்கலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நித்திலா தினமும் போன் செய்கிறாள். நேராக ஓட்டின படத்தை இன்னொரு தேசத்து விழாவில் கேட்கிறார்களாம், கொடுக்கவா வேண்டாமா என்கிறாள். முதல் தடவையாக என்னைக் கேட்கிறாள். அறியாத பிள்ளை. அவள் பேரில் எனக்கு வருத்தம் உண்டு, அது வடிந்துவிடும். தெய்வானை விசிறினதைக் கூட விட்டுவிடலாம், அன்றைக்கு வெக்கைதான்.

தை 3, சனி

தாராவிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். தம்பியைப் பார்க்க என்று செல்வராணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாள். தம்பியைப் பார்க்க நான் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? அவனிடம் எனக்கு ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கிறான், கோடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கோழைப் பயல், அவனை என்ன செய்ய? அவனுக்கு நாரத்தங்காய் ஊறுகாய் பிடிக்கும். என் கையால் புதிதாகப் போட்டிருக்கிறேன். அரக்குச் சேலையை உடுத்திக்கொண்டு போகிறேன், மற்றதெல்லாம் வெளுக்கப் போட்டிருக்கிறது.

நான் பார்க்கப் போவது சுவரில் இரட்டைச் சடையோடு மாட்டியிருக்கிறவளை. அவளுக்கு என்ன தெரியும்? கோடி வராத தலையோடு உட்கார்ந்திருந்தாளா? அடுத்த வீட்டுச் சேலையைத் தலையில் வாங்கினாளா? ஒன்றும் இல்லை. தினமும் காலையில் என் தம்பியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, என் அம்மா அப்பாவைப் பற்றி என் கதைகளையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு, எனக்கு வைக்கிற சோற்றை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவனை மன்னித்தும் விட்டிருக்கிறாள். போனதும் முதல் வேலையாக அவளைச் சுவரிலிருந்து இறக்குவேன். யாரை விட்டாலும் அந்த ஆவுடையம்மாளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.